தபால்தலையை வெட்டாதீர்கள்

பழைய வீட்டை இடிக்கும்போது டிரங்குப் பெட்டியில் கடிதக் கட்டு கிடைத்தால் நம்மவர்கள் இரண்டில் ஒன்று செய்கிறார்கள். கட்டோடு ஆக்கர் கடையில் எடைக்குப் போடுவார்கள். இல்லையென்றால் பேரப்பிள்ளையின் ஆல்பத்துக்காகத் தபால்தலையை மட்டும் வெட்டி, தண்ணீரில் ஊறவைத்து எடுத்துக்கொண்டு, உறையைக் குப்பையில் போடுவார்கள். என்னைக் கேட்டால் இரண்டு வேலைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

சங்குச் சின்னம் போட்ட தபால்தலை திருவிதாங்கூர் முழுவதற்கும் பொது. அதன்மேல் குத்திய கறுப்பு வட்டம்தான் நம் ஊருக்கும் ஒரு குறிப்பிட்ட நாளுக்கும் உரியது. தலையை வெட்டும்போது வட்டம் பாதியாகிறது, ஊர்ப்பெயரும் பாதியாகிறது. உறையின் பின்பக்கம் கடிதம் போய்ச்சேர்ந்த ஊரின் முத்திரையும் பல சமயம் இருக்கும். முன்னும் பின்னும் உள்ள தேதிகளைப் பார்த்தால் கடிதம் எத்தனை நாள் பயணம் செய்தது என்று தெரிந்துவிடும்.

திருவிதாங்கூருக்குத் தனியாக 'அஞ்சல்' துறை இருந்தது. 1888-ல் சொந்தத் தபால்தலை வெளியிட்டார்கள். 1951-ல் அது இந்தியத் தபாலோடு சேர்ந்தது. அதுவரை சமஸ்தானத்துக்குள் பிரிட்டிஷ் இந்தியத் தபால் ஆபீசுகளும் இருந்தன. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்குச் சங்குத் தலை போதும். ஆரல்வாய்மொழி தாண்டித் திருநெல்வேலிக்கோ மதராசுக்கோ எழுத வேண்டுமென்றால் இந்தியத் தலை வேண்டும். ஆக, உறையைப் பார்த்தாலே எல்லை எங்கே இருந்தது என்று புரியும்.

காலம் கண்டுபிடிக்கச் சில அடையாளங்கள் உண்டு. விலை சக்கரத்திலோ காசிலோ இருந்தால் திருவிதாங்கூர் தலை. அதன்மேல் அணா, பை என்று மறு அச்சு இருந்தால், 1949 ஜூலையில் திருவிதாங்கூர்-கொச்சி ஒன்றான பிறகு வந்தது. ஆண்டு 11-ல் தொடங்கும் நான்கு இலக்கமாக இருந்தால் அது கொல்லம் ஆண்டு. ஆவணி முதல் டிசம்பர் வரை 824-ஐயும், ஜனவரிக்குப் பிறகு 825-ஐயும் கூட்டுங்கள். ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்த 1112 துலாம் 27, ஆங்கிலக் கணக்கில் 1936 நவம்பர் 12. முத்திரையில் 629 என்று தொடங்கும் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தையது.

1939-ல் வந்த 7 சக்கரத் தலையில் நம் கன்னியாகுமரியே படமாக இருக்கிறது. ஆனாலும் அஞ்சல் வரலாறு என்றால் கேரள வரலாறாகவே பேசப்படுகிறது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் 1956 நவம்பர் 1 வரை அந்தப் பக்கம்தானே இருந்தன? நம் கிராமங்களில் அஞ்சல் எப்படி நடந்தது என்பதற்கு நம் வீட்டுக் கடிதங்களே சாட்சி. அவற்றையும் எடைக்குப் போட்டுவிட்டு, பிறகு யாரைக் குறை சொல்வது?

செலவு பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பூதக்கண்ணாடி வாங்குங்கள். சாய்ந்த வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் மங்கிய எழுத்தும் தெரியும். பசை, செல்லோடேப், லேமினேஷன் எதுவும் வேண்டாம். உறையின் இரு பக்கத்தையும் போனில் படமெடுங்கள். படித்த ஊரையும் தேதியையும் தனிச் சீட்டில் பென்சிலால் எழுதி உறையோடு வையுங்கள். தலை எத்தனை ரூபாய் போகும் என்று விசாரிப்பதற்கு முன்னால், எந்த ஊர் முத்திரை என்று வாசித்துப் பாருங்கள்.