நெய்யில்லா நான்கட்டாய்

குடும்பத்தில் வழிவழியாக வரும் தின்பண்டக் குறிப்பை மாற்றலாமா என்னும் வினா இன்று பல வீடுகளில் எழுகிறது. பால், நெய், முட்டை, தேன் என விலங்குகளிடமிருந்து கிடைக்கும் உணவுப்பொருள்கள் அனைத்தையும் விலக்கும் உணவுமுறை நனிசைவம் எனப்படும். இதனைக் குறிக்கும் 'வீகன்' என்னும் ஆங்கிலச் சொல் 1944ஆம் ஆண்டு இங்கிலாந்தில் உருவாக்கப்பட்டது. உயிர்களிடத்துக் கொண்ட பரிவால் சிலர் இம்முறையைத் தேர்ந்தெடுக்கின்றனர். பால் ஒவ்வாமை உள்ளோர் வேறு வழியின்றி நெய்யையும் வெண்ணெயையும் தவிர்க்கின்றனர். காரணம் எதுவாயினும், பண்டிகை நாளில் வீட்டார் அனைவரும் உண்ணும் பண்டத்தை ஒருவர் மட்டும் உண்ண இயலாமல் ஒதுங்கியிருக்க நேர்கிறது. அந்நிலையைப் போக்கப் பழைய குறிப்பை மாற்றுவது முறையே. ஆயினும் அம்மாற்றத்தைப் பொருள்களின் இயல்பு அறிந்து செய்ய வேண்டும். மறைக்காமல் சொல்லவும் வேண்டும். தீபாவளிக் காலத்தில் குஜராத், மகாராட்டிரம் முதலிய மாநிலங்களின் வீடுகளில் செய்யப்படும் நான்கட்டாய் இதற்குத் தக்க சான்றாகும்.

மாற்றத்தில் பிறந்த பண்டம்

'நான்' என்பது ரொட்டியைக் குறிக்கும் பாரசீகச் சொல். நான்கட்டாயின் பிறப்பிடமாகச் சூரத் நகரம் கருதப்படுகிறது. அங்கு வணிகம் செய்த டச்சுக்காரர்கள் தமக்கென ஓர் அடுமனையை அமைத்திருந்தனர் என்றும், அவர்கள் வெளியேறியபின் அது பார்சி இனத்தவர் ஒருவரின் கைக்கு வந்தது என்றும் அந்நகரில் ஒரு செய்தி வழங்கிவருகிறது. கள்ளால் புளிக்கவைத்த மாவையும் முட்டையையும் உள்ளூர் மக்களில் பலர் ஏற்கவில்லை. எனவே அவ்விரண்டும் நீக்கப்பட்டு, மாவும் நெய்யும் சர்க்கரையும் சேர்ந்த புதிய பண்டம் உருவாயிற்று என்பர். இச்செய்தியின்படி நோக்கினால், உண்பவரின் உணவு ஒழுக்கத்தை மதித்து ஒரு பொருளை நீக்கியதால் பிறந்ததே நான்கட்டாய்.

மாற்றம் அத்துடன் நிற்கவில்லை. நெய்யின் விலை உயர்ந்தபோது கடைகள் பலவற்றில் வனஸ்பதி அதன் இடத்தைப் பிடித்தது. விலைக்காக நெய்யை நீக்கியதைப் பொறுத்துக்கொண்ட சமூகம், வீட்டுப்பிள்ளை ஒருவருக்காக நெய்யை நீக்குவதை மட்டும் மரபுக் கேடு என்பது பொருந்தாது.

எதிர்ப்பில் உள்ள நியாயம்

நெய் இல்லாவிடில் பண்டத்தின் உயிரே போய்விடும் என்று முதியோர் வருந்துவதுண்டு. அவ்வருத்தத்தைப் பழமைப் பிடிப்பு என ஒதுக்கிவிடுதல் தகாது. நெய்யின் மணத்தை வேறு எந்தக் கொழுப்பும் முழுமையாகத் தருவதில்லை. அம்மணத்தோடு தாயின் கைப்பக்குவமும், மாவுத் தட்டுகளை அண்டை அடுமனைக்கு எடுத்துச் சென்று சுட்டு வந்த பண்டிகை நாள்களின் நினைவும் கலந்துள்ளன. ஆகவே, 'சிறிதும் வேறுபாடு தெரியாது' என்று சொல்லி மாற்றுப் பண்டத்தை நீட்டுவது உண்மையாகாது. இழப்பு சிறிது உண்டு என்பதை ஒப்புக்கொண்டே மாற்றத்தைத் தொடங்க வேண்டும்.

அறிந்து மாற்றுதல்

குறிப்பிலுள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பணி உண்டு. நான்கட்டாயில் நெய், மாவைத் தளரச் செய்து, வாயிலிட்டதும் உதிரும் தன்மையைத் தருகிறது. உறைந்த நெய்யைச் சர்க்கரையுடன் குழைக்கும்போது அதனுள் காற்று புகுந்து பண்டம் இலகுவாகிறது. இதை உணராது நெய்க்கு ஈடாகக் கடலை எண்ணெயை ஊற்றினால், அது காற்றை ஏந்தாது. பண்டம் தட்டில் பரவி எண்ணெய்ப் பிசுக்குடன் நிற்கும்.

தேங்காய் எண்ணெய் குளிரில் உறையும் இயல்புடையது. நெய்யைப் போலவே அதிலும் நீர் இல்லை எனலாம். எனவே நெய்யின் எடைக்கு ஒத்த அளவில் அதனைப் பயன்படுத்த இயலும். ஆனால் அது ஏறத்தாழ 24 பாகை செல்சியசில் உருகிவிடும். நம் நாட்டின் வெப்பத்தில் பிசைந்த மாவை உருண்டைகளாக்கி, அரைமணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் வைத்தபின் சுடுதல் நலம். கடலை மாவை வெறும் வாணலியில் மணம் வரும்வரை வறுத்துச் சேர்த்தால், நெய் தந்த வாசத்தின் குறை ஓரளவு நீங்கும். தயிரும் சமையல் சோடாவும் சேர்க்கும் வழக்கமுள்ள வீட்டில், தயிருக்கு மாற்றாகச் சிறிது எலுமிச்சைச் சாறு சேர்க்கலாம்; தயிரின் புளிப்பு செய்யும் வேலையை அது செய்யும். முட்டை சேரும் பிஸ்கட்டாயின், ஒரு முட்டைக்கு ஈடாக ஒரு மேசைக்கரண்டி ஆளிவிதைப் பொடியை மூன்று மேசைக்கரண்டி நீரில் ஊறவைத்துச் சேர்ப்பர். அது மாவைப் பிணைக்கும். எனினும் முட்டையைப் போல் உப்பச் செய்யாது.

தாவரப் பொருள் என்பதாலேயே ஒன்று உடலுக்கு நன்மை தருவதாகிவிடாது. வனஸ்பதியும் தாவர எண்ணெயிலிருந்து வந்ததே. அதில் மிகுந்திருந்த டிரான்ஸ் கொழுப்பு இதயத்திற்குக் கேடு என்பதால், எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் அதன் அளவு 2022 சனவரி முதல் 2 விழுக்காட்டிற்கு மிகக் கூடாதென இந்திய அரசு வரையறுத்துள்ளது. தேங்காய் எண்ணெயிலும் நிறைகொழுப்பு மிகுதி. எனவே எந்த நான்கட்டாயையும் அளவறிந்து உண்பதே அறிவுடைமை.

மறைக்காமல் சொல்லுதல்

நெய்யில்லாததை நெய்ப்பண்டம் என்பதும், நெய் சேர்ந்ததை நனிசைவம் என்பதும் ஒருசேரத் தவறு. ஒவ்வாமை உள்ளவருக்குச் சிறுதுளி பாற்பொருளும் தீங்காகலாம். சந்தையில் கிடைக்கும் மார்கரின் சிலவற்றில் பாற்பொருள் கலந்திருப்பதால், உறையிலுள்ள பட்டியலைப் படித்தறிதல் இன்றியமையாதது. நெய்க்கு மாற்றாக முந்திரி விழுதைச் சேர்த்தால், முந்திரி ஒவ்வாதவருக்கு அதைத் தெரிவிக்க வேண்டும்.

பழைய குறிப்பை அழித்து அதன்மேல் புதியதை எழுதுவதும் வேண்டாம். முன்னோர் எழுதிய அளவுகளை அப்படியே காத்து, அடுத்த பக்கத்தில் மாற்றத்தையும் அதன் காரணத்தையும் ஆண்டையும் எழுதிவைக்கலாம். நெய்யை ஏன் விட்டனர் என்பதைப் பின்வரும் தலைமுறையும் அறியும். நெய்ச்சுவையை மீட்க விரும்புவோருக்கும் வழி திறந்திருக்கும்.

வீட்டில் எவரும் விடுபடாமல் உண்ண வேண்டும் என்னும் எண்ணமே பண்டிகைப் பலகாரத்தின் அடிப்படை. அவ்வெண்ணத்தைக் காப்பதற்காகக் குறிப்பில் ஒரு பொருளை மாற்றுவோர் மரபைக் கைவிடுவதில்லை. சூரத்தின் அடுமனையில் முன்னொரு நாள் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் செயலையே அவர்கள் தம் வீட்டு அடுக்களையில் மீண்டும் செய்கின்றனர்.