கடல் இல்லாத ஊரிலும் காற்று உண்டு

பேரையூர்ப் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் வாஸ்து பார்ப்பார்கள், மனையடி சாஸ்திரம் பார்ப்பார்கள், போர் போட்டால் தண்ணீர் வருமா என்று பார்ப்பார்கள். காற்றைப் பற்றிக் கேட்டால் மட்டும், "இங்க என்ன கடலா இருக்கு?" என்று சிரிப்பார்கள். புயல் என்றால் அது நாகப்பட்டினத்துக்காரர்கள் கவலை! ஆனால் 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா, உள் மாவட்டங்களைத் தாண்டிக் கேரளா வரை போனது. அவ்வளவு தூரம்கூட வேண்டாம். சித்திரை, வைகாசியில் கோடை மழைக்கு முன்னால் பத்தே நிமிடம் சுழற்றி அடிக்கும் சூறைக்காற்று போதும், வாழையும் சாயும், தகரக் கூரையும் பறக்கும்.

கட்டடங்கள் எவ்வளவு காற்றைத் தாங்க வேண்டும் என்பதற்கு ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தர விதியின் மூன்றாம் பகுதி இருக்கிறது. 2015-ல் திருத்தப்பட்டது. அதன்படி சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், மதுரைக்கு 39. பரவாயில்லையே என்று தோன்றும். 39 மீட்டர் என்றால் மணிக்கு 140 கிலோமீட்டர்! (நாள் முழுக்க இல்லை, மூன்று நொடி வீச்சு. அந்த மூன்று நொடிதான் கூரையைக் கொண்டுபோகிறது.)

கணக்கு எளிது. வேகத்தின் வர்க்கத்தை 0.6-ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 912 நியூட்டன் வருகிறது. ஏறக்குறைய 93 கிலோ எடை. உயரம், சுற்றுப்புறத்தைப் பொறுத்து இது கூடும், குறையும். இதில் பெரும்பகுதி கூரையைக் கீழே அழுத்துவதில்லை, மேலே உறிஞ்சுகிறது. ஓரங்களிலும் மூலைகளிலும் உறிஞ்சல் இன்னும் அதிகம். பக்கம் திறந்த கொட்டகை என்றால் உள்ளே புகுந்த காற்று அடியிலிருந்தும் தள்ளும். தகர ஷீட்டோ சதுர மீட்டருக்கு ஐந்து கிலோ தேறினால் பெரிது. அதன்மேல் நாலு செங்கல்லும் ஒரு பழைய டயரும் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள். பறக்கும்போது செங்கல்லும் சேர்ந்துதான் வரும்!

மொட்டை மாடியில் ஷீட் போடும் பழக்கம் பெருகிவிட்ட பிறகு ஆபத்தும் உயரம் ஏறிவிட்டது. ஷீட் சட்டத்தோடும், சட்டம் பைப்போடும், பைப் தளத்தோடும் பிடித்திருக்க வேண்டும். ஒரு கண்ணி விட்டாலும் போச்சு. பல வீடுகளில் பைப்பைத் தளத்தின்மேல் நிறுத்திச் சுற்றிச் சிமெண்ட் பூசுவதோடு சரி. கீழே பிளேட் வைத்துத் தளத்துக்குள் போல்ட் இறக்குவதும், ஓர வரிசைகளில் நெருக்கமாக ஆணி முடுக்குவதும் மொத்தச் செலவில் சில்லறைக் காசு. காமர்ஸ் பாஷையில் இது ஒரே தவணை இன்சூரன்ஸ் பிரீமியம்.

சென்னை தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையத்தில் காற்றுச் சுரங்கமே வைத்து ஆராய்கிறார்கள். ஆனால் கூரை போடுவது வெல்டிங் பட்டறைக்காரர். எத்தனை போல்ட், எந்த இடத்தில் என்று படம் போட்ட ஒரு தமிழ் நோட்டீஸ் அவர் பட்டறைச் சுவரில் ஒட்டப்பட வேண்டும். அடுத்த சித்திரைக்கு முன்னால் ஒட்டினால் நல்லது. பறக்கிற ஷீட் யார் வீட்டுக் கூரை என்று பார்த்து விழாது, தெருவில் யார் நடக்கிறார்கள் என்றும் பார்க்காது.