ஓடுபாதையின் தரையைப் பற்றியும் பேசுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மழைக்கால விமான விபத்துகள் பற்றிய உங்கள் கட்டுரை விமானிகளின் பிழைகளை விரிவாகச் சொன்னது. சக்கரம் தொடும் தரையைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது வருத்தம் தந்தது.

பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரிலுள்ள கொங்கோனியாஸ் விமான நிலையத்தில், 2007 ஜூலை 17 அன்று மழை ஈரத்தில் இறங்கிய ஏர்பஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டிக் கட்டடத்தில் மோதியது. 199 பேர் மாண்டார்கள். அந்த ஓடுபாதைக்கு அப்போதுதான் புதுத் தார் போட்டிருந்தார்கள். நீர் வடிவதற்கான குறுக்குப் பள்ளங்களை வெட்டாமலே திறந்துவிட்டார்கள். விபத்துக்கு முந்தைய நாள்தான் சிறிய விமானம் ஒன்று அங்கே சறுக்கியிருந்தது! எஞ்சின் நெம்புகோல் தவறான நிலையில் இருந்ததை விசாரணை சுட்டியது. அது சரியே. அதற்காக அந்த ஈரத் தரையை மறந்துவிட முடியாது.

பள்ளம் வெட்டுவதற்கு மாற்றாக, துளைகள் நிறைந்த தார்க்கலவையை மெல்லிய மேலடுக்காகப் போடும் முறையும் உண்டு. மழைநீர் அதனுள் இறங்கி ஓரமாக வடியும். டயருக்கு அடியில் நீர்ப்படலம் தங்காது. ஆனால் டயர் ரப்பர் படிந்து படிந்து துளைகள் அடைபடும். அவ்வப்போது உராய்வை அளந்து, ரப்பரை அகற்றியே ஆக வேண்டும். அந்த அளவீடுகளைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும்படி உங்கள் இதழ் வலியுறுத்த வேண்டும்.

— ஒரு வாசகர், திருச்சி