திங்கட்கிழமைப் பார்வையாளர்கள்

எங்களுக்கு லீவு திங்கட்கிழமை. பாரிஸின் கலைக்கூடங்கள் பலவற்றுக்கும் லீவு திங்கட்கிழமை. கோப்பை கழுவுகிறவனுக்கும் கலைக்கும் உள்ள உறவை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. 19ஆம் வட்டாரத்தில், ஓபர்வில்லியே வீதியில், நூற்று நான்காம் இலக்கத்தையே பெயராகக் கொண்ட கூடம் ஒன்று உண்டு. முன்னர் நகரசபையின் மரணச்சடங்குச் சேவை நடந்த கட்டிடம். 2008இல் கலைக்கூடமாகத் திறந்தார்கள். லாச்சப்பலில் மரக்கறி வாங்கிய கையோடு நடந்தே போய்விடலாம். திங்களன்று அதுவும் பூட்டு.

ஆகவே நாங்கள் வீதிக்குப் போகிறோம். சுவருக்கு லீவுமில்லை, ரிக்கற்றுமில்லை. பெல்வில்லில் தெனுவாயே வீதி. ஒபெர்காம்ப் வீதியில், இரண்டு கிழமைக்கொருமுறை புதிய ஓவியர் வந்து பழையதை மூடி வரைகிற ஒற்றைச் சுவர். 13ஆம் வட்டாரத்தில் மாடிக் கட்டிடங்களின் முழு உயரத்துக்கும் ஓவியங்கள். 6ஆம் இலக்க மெத்ரோ அங்கே பாலத்தின் மேலால் ஓடுவதால் யன்னலோரம் இருந்தே பார்க்கலாம்.

இதைச் சொன்னால் எம்மவர் சிரிக்கிறார்கள். குசினியில் ஒரு அண்ணர் கேட்டார்: "வெள்ளைக்காரன் வேலையில்லாமல் சுவரிலை கிறுக்கிறான். நித்திரையையும் விட்டிட்டு நீங்கள் அதைப் போய்ப் பாக்கிறியளோ?" அவர் கடைசி மெத்ரோவில் வீடு போகிறவர். அவருடைய களைப்பை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் களைப்பே தெரியாத சங்கத் தலைவர்களும் இதையே கேட்கிறார்கள். மண்டபத்துக்கும் பொன்னாடைக்கும் கட்டவுட்டுக்கும் அள்ளிக் கொட்டுகிறவர்களுக்குக் கலை என்றால் பிள்ளையின் அரங்கேற்றம், அதன் வீடியோ. எங்கள் சண்டை இவர்களோடுதான்.

ஏனென்றால் அந்தச் சுவர்களில் இருப்பது எங்கள் விஷயம். 2017 பெப்ரவரியில், லாச்சப்பல் வாசலில், அகதிகள் படுத்துறங்கிய பாலத்தின் கீழ் நகரசபை பெரும் பாறைகளைக் கொண்டுவந்து பரப்பியது. கல் செதுக்கும் தொழிலாளர் சிலர் உளியோடு வந்து அந்தப் பாறைகளிலேயே தங்கள் எதிர்ப்பைச் செதுக்கினார்கள். பாறைகளை அங்கே வைத்ததும் ஒரு தாபனக் கலைதான். கலைஞரின் பெயர்ப்பலகை மட்டும் இல்லை. 2018 மார்ச்சில் அங்கிருந்த அகதிகள் வரவேற்பு நிலையமும் மூடப்பட்டது. அந்த ஜூனில் பாங்ஸி வந்து அதன் அருகே ஒரு சிறுமியை வரைந்துவிட்டுப் போனார். பக்கத்தில் அவளது படுக்கைப் பையும் கரடிப் பொம்மையும். சுவரிலிருந்த நாஸிச் சின்னத்தின் மேல் அவள் இளஞ்சிவப்புப் பூவேலை தீட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் சனம் கறிவேப்பிலை வாங்கப் போகும் பகுதிதான் அது. எத்தனை பேர் நின்று பார்த்தோம்?

அதற்காகச் சுவர்களைக் கும்பிடச் சொல்லவில்லை. சுவரில் வரைந்தவுடன் எதுவும் எதிர்ப்பாகிவிடாது. 13ஆம் வட்டாரத்தில் ஓபே வரைந்த மரியான் ஓவியத்தின் பிரதியொன்று ஜனாதிபதி மக்ரோனின் அலுவலகத்தில் தொங்கியது. 2020 டிசெம்பரில் சிலர் இரவோடிரவாக அந்தச் சுவரில் மரியானுக்குச் சிவப்புக் கண்ணீர் வடித்து, சுதந்திரம் சமத்துவம் சகோதரத்துவம் என்ற வார்த்தைகளை வெள்ளையால் அழித்தார்கள். 2021இல் ஓவியரே திரும்பி வந்து ஒரு கண்ணீர்த் துளியோடு திருத்தி வரைந்தார். இலங்கையிலும் 2019 கடைசியில், கோத்தபாய பதவிக்கு வந்த கையோடு, இளைஞர்கள் தெருச்சுவர்களை நிறைத்தார்கள். அவற்றில் வென்ற படையினரும் இருந்தார்கள். வென்றவனுக்கும் சுவர் வேண்டியிருக்கிறது. எது யாருடைய சுவர் என்று பிரித்தறிய, முதலில் போய்ப் பார்க்க வேண்டும்.

கூடங்களோடும் எங்களுக்குக் கணக்கு இருக்கிறது. எங்களில் ஒருவர் ஒரு கண்காட்சித் திறப்புவிழாவுக்கு வைன் பரிமாறப் போனார். வெள்ளைத் தரையில் ஒரு கூடாரம், கிழிந்த படுக்கைப் பை, ஒரு குழந்தைச் சப்பாத்து. தலைப்பில் 'அகதி' என்ற சொல். வந்தவர்கள் அவர் நீட்டிய தட்டிலிருந்து கிளாஸை எடுத்துக்கொண்டு, புலம்பெயர்வு பற்றி ஒருவருக்கொருவர் விளங்கப்படுத்தினார்கள். தட்டைப் பிடித்தவரை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், 2009இல் மெனிக் பாமில் மழைக்குள் கூடாரம் கட்டிய அந்த மனிதர், "கயிறு பிழையாகக் கட்டியிருக்கு" என்றாவது சொல்லியிருப்பார். எங்களைக் காட்சிக்கு வைக்கிறவர்கள் எங்களைப் பார்வையாளராகக்கூட எண்ணவில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டு அவர்களுக்கு உதவுகிறவர்கள் நாங்கள்.

தாபனக் கலை வெள்ளைக்காரனின் விளையாட்டு என்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாண நூலகத்தில், 2004இல், ஓவியர் தா. சனாதனன் வீடு வீடாகச் சனங்களிடம் பெற்ற அன்றாடப் பொருட்களை வைத்துத்தான் ஒரு தாபனக் கலையை அமைத்தார். போரைக் கண்ட வீட்டுச் சாமான்களே அங்கு கலை.

எங்களிடம் சாமான் இல்லையா? நிராகரிக்கப்பட்ட அகதி மனுக்களின் கடிதங்கள், முதல் சம்பளத் துண்டு, இடையில் விட்ட பல்கலைக்கழகத்தின் அடையாள அட்டை. இவற்றை விழா மண்டபத்தின் ஒரு மூலையில் பரப்ப ஒரு மேசை தாருங்கள் என்று ஒரு சங்கத்திடம் கேட்டோம். "மறக்க வந்த இடத்திலை ஏன் தம்பி இதெல்லாம்?" என்றார் தலைவர். நீங்கள் மறக்கலாம், ஐயா. எங்களைப் பற்றிய கண்காட்சிகள் நிற்கப் போவதில்லை. அவற்றில் கயிறு பிழையாகத்தான் கட்டப்படும்.

மேசை கிடைக்கும்வரை நாங்கள் வீதியில்தான். வருகிற திங்கள் பின்னேரம் நாசியோனால் மெத்ரோ வாசலில் நிற்போம். குசினி அண்ணரையும் கூட்டிக்கொண்டு வருகிறோம். தலைவரும் வரலாம்; பொன்னாடை தேவையில்லை.