முறை என்பது வேலியா, போர்வையா?



வெள்ளகோவில், காங்கயம் பக்கத்தில் சம்பந்தம் பேசப் போகிறவர்களிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி, "எந்தக் கூட்டம்?" என்பதுதான். ஒரே கூட்டம் என்றால் அண்ணன் தங்கை முறையாகிவிடும். பேச்சு அத்தோடு முடிந்தது. சாதி எதுவானாலும், பங்காளி யார், மாமன் மச்சான் யார் என்று பார்க்காமல் இங்கே எந்த வீட்டிலும் கல்யாணப் பேச்சு நகர்வதில்லை. நம் கத்தோலிக்கக் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல. முறை பார்ப்பதில் இவ்வளவு கண்டிப்பான நாம், ஒரு வீட்டுக்குள்ளேயே ஒரு சிறுமிக்கு முறைகெட்ட செயல் நடந்தால் என்ன செய்கிறோம்? "வீட்டு விஷயம் வீதிக்கு வரக் கூடாது" என்று கதவைச் சாத்திக்கொள்கிறோம்.

நாளிதழ்கள் இதைத் "தகாத உறவு" என்று எழுதுவதுண்டு. குழந்தை சம்பந்தப்பட்ட இடத்தில் அந்தச் சொல்லே தவறு. அது உறவல்ல, குற்றம்.

சட்டம் என்ன சொல்கிறது? நெருங்கிய இரத்த உறவினருக்கிடையேயான பாலுறவைத் தனிக் குற்றமாகவே எழுதி வைத்துள்ள நாடுகள் உண்டு. இங்கிலாந்தில் 2003-ஆம் ஆண்டின் பாலியல் குற்றச் சட்டம் அப்படிப்பட்டது. நம் நாட்டில் 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் அந்தப் பெயரில் ஒரு குற்றம் இருந்ததில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இல்லை. ஆனால், பெண்ணின் உறவினரோ பாதுகாவலரோ வன்புணர்வு செய்தால் குறைந்தது 10 ஆண்டு சிறை என்று அதன் 64-ஆம் பிரிவு கூறுகிறது.

18 வயது நிறையாதவர்களுக்கு 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இருக்கிறது. இரத்த உறவினர், தத்தெடுத்தவர், திருமண வழி உறவினர், பாதுகாவலர், பெற்றோரில் ஒருவரோடு குடும்பம் நடத்துபவர், ஒரே வீட்டில் குடியிருப்பவர் என்று ஒவ்வொருவரையும் அதன் 5-ஆம் பிரிவு குறிப்பிடுகிறது. வேலியே பயிரை மேய்ந்தால் அது கொடிய குற்றம். 2019-இல் சட்டம் திருத்தப்பட்ட பின், இதற்குக் குறைந்தபட்சத் தண்டனை 20 ஆண்டுக் கடுங்காவல். ஆயுள் தண்டனையும், மரண தண்டனையும்கூட விதிக்கலாம். சிறுமி சம்மதித்தாள் என்ற பேச்சுக்குச் சட்டத்தில் இடமில்லை. "முறைமாமன்தானே, நாளைக்குக் கட்டிக்கொள்ளப் போகிறவன்தானே" என்ற பேச்சுக்கும் இடமில்லை.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் என்ன நடக்கிறது என்பதற்கு நம் திருப்பூர் மாவட்டத்து வழக்கு ஒன்றே சாட்சி. 14 வயதுச் சிறுமியோடு உடலுறவு கொண்டதாகத் தாய்மாமன் மீது போக்சோ வழக்கு. 2018 அக்டோபரில் திருப்பூர் விரைவு மகளிர் நீதிமன்றம் 10 ஆண்டு தண்டனை விதித்தது. 2019-இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது அவர் அப்பெண்ணை மணந்திருந்தார். இரண்டு குழந்தைகளும் இருந்தன. முதல் குழந்தை பிறந்தபோது அவளுக்கு வயது 15, இரண்டாவது பிறந்தபோது 17 என்று அரசுத் தரப்பு எடுத்துச் சொன்னது. தண்டனைக்குத் தப்பவே இந்தத் திருமணம் நடந்திருக்கலாம் என்ற ஐயத்தையும் எழுப்பியது. ஆனால், தான் மகிழ்ச்சியாக வாழ்வதாக அப்பெண் வாக்குமூலம் அளித்தார். தமிழ்நாட்டில் தாய்மாமனை மணக்கும் வழக்கம் உண்டு என்பதையும் குறிப்பிட்டு, 2022 மே 9 அன்று உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. இதை முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது என்றும், அவர் அப்பெண்ணைச் சரியாகக் கவனிக்காவிட்டால் தீர்ப்பை மாற்றக் கோரலாம் என்றும் சேர்த்தே சொன்னது.

நீதிபதிகளைக் குறை சொல்வது எளிது. கணவனைச் சிறைக்கு அனுப்பிவிட்டு, இரண்டு கைக்குழந்தைகளோடு அந்தப் பெண் எங்கே போவாள் என்ற கேள்வியும் உண்மையானதே. ஆனால் 14 வயதில் அவளுக்கு இருந்த வழிகள் எத்தனை, கடைசியில் மிஞ்சிய வழிகள் எத்தனை? நீதிமன்றம் கடைசியில்தான் வருகிறது. தொடக்கத்தில் அருகே இருப்பவர்கள் நாம். 14 வயதுப் பிள்ளை கருவுற்றால் வீட்டார் பார்க்கிறார்கள், பக்கத்து வீட்டார் பார்க்கிறார்கள், கோவிலுக்கு வருபவர்களும் பார்க்கிறார்கள். "மாமன்தானே" என்ற ஒரே சொல் அத்தனை வாயையும் அடைத்துவிடுகிறது. வேலியாக இருக்க வேண்டிய முறை அங்கே போர்வையாகிவிடுகிறது.

இது புதிதல்ல. தாவீது அரசரின் வீட்டில் அம்னோன் தன் தங்கை தாமாரைக் கெடுத்தான் (2 சாமு 13). அவளுடைய அண்ணன் அப்சலோம் அவளுக்குச் சொன்ன ஆறுதல் என்ன? அவன் உன் சகோதரன், பேசாமல் இரு என்பதுதான். தாவீது சினம் கொண்டார், மகனைத் தண்டிக்கவில்லை. தாமார் பாழடைந்த வாழ்வோடு அண்ணன் வீட்டில் ஒதுங்கினாள். இரண்டு ஆண்டுகள் கழித்து அப்சலோம் அம்னோனைக் கொன்றான். மானத்தைக் காப்பாற்ற மௌனம் காத்த குடும்பம், மானத்தோடு உயிரையும் இழந்தது.

அன்புக்குரியவர்களே, நாம் செய்யக்கூடியவை உண்டு. போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, குற்றம் நடந்தது தெரிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிந்தும் மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை உண்டு. நல்லெண்ணத்தோடு தகவல் தருபவர்மீது வழக்குப் போட முடியாது. 1098 என்ற எண்ணுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும். பிள்ளையின் பெயரோ அடையாளமோ வெளியாகக் கூடாது. வாக்குமூலத்தைக் கூடுமானவரை பெண் அதிகாரி ஒருவர், சீருடை இல்லாமல், பிள்ளையின் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ பதிவு செய்ய வேண்டும். குற்றவாளி அதே வீட்டில் இருந்தால், 24 மணி நேரத்துக்குள் பிள்ளையைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுவர வேண்டும் என்கின்றன விதிகள். இடைக்கால இழப்பீட்டுக்கும் வழி உண்டு.

ஒப்புரவு அருட்சாதனத்தின் இரகசியத்தை எந்தக் குருவும் உடைக்க முடியாது. அதற்கு வெளியே பங்கு இல்லத்திலோ அன்பியக் கூட்டத்திலோ இத்தகைய செய்தி காதில் விழுந்தால், "குடும்பத்தோடு பேசி முடித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லும் உரிமை எங்களுக்கும் இல்லை. தாய்மாமன், மருமகள் திருமணத்துக்கு ஆயரின் விதிவிலக்கு வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். 18 வயது நிறையாத பெண்ணுக்கோ, யார் வந்து கேட்டாலும், நாட்டின் சட்டத்தை மீறி ஓலை வாசிக்க முடியாது.

நம் பகுதியில் தாய் இரவு ஷிப்டுக்கு மில்லுக்குப் போகும் வீடுகள் பல. "அம்மா, எனக்கு அந்த மாமாவோடு இருக்கப் பிடிக்கவில்லை" என்று பிள்ளை சொன்னால் அதட்டாதீர்கள். ஏன் என்று கேளுங்கள். சொன்னதை நம்புங்கள். சிறியோரை இடறி விழச் செய்பவரைப் பற்றி ஆண்டவர் சொன்ன எந்திரக்கல்லின் பாரம் (மத் 18:6), அறிந்தும் பேசாதவர் கழுத்திலும் கொஞ்சம் விழும் என்பதை மறவாதிருப்போம்.

நம் வீடுகளில் உள்ள ஒவ்வொரு தாமாருக்கும் பேசத் துணிவையும், நமக்குக் கேட்கச் செவியையும் இறைவன் தருவாராக.