அந்தக் காலத்து இரும்பு, அந்தக் காலத்துப் பொய்

கார் பற்றிக் கதை தொடங்கினால் எங்கட வீடுகளில் யாராவது ஒரு மாமா கட்டாயம் சொல்லுவார்: "அந்தக் காலத்துக் கார் எல்லாம் இரும்படா தம்பி. இப்ப வாறது வெறும் தகரம்." மாமாவை விடுவம், அவருக்கு அது தன்ர இளமை. ஆனால் எங்கட வயசுக்காரரும் 1950களின் அமெரிக்கக் கார்ப் படங்களைப் பகிர்ந்து "அப்பதான் மனுசர் வாழ்ந்திருக்கினம்" எண்டு எழுதேக்க எனக்குக் கோபம் வருகிறது.

அந்தப் படங்களில் அடிக்கடி வருவது செவர்லே பெல் எயார். 1950இல் ஒரு கூரை வடிவத்தின் பெயராக வந்து, 1953இல் தனி வரிசையானது. 1955இல் புது உடல், புது வி8 இயந்திரம். 1957இல் பின்பக்கம் இரண்டு துடுப்புகள், குரோமியப் பளபளப்பு. 1959இல் அந்தத் துடுப்புகள் வௌவால் சிறகு மாதிரிப் படுத்தே விட்டன. அழகில்லை எண்டு நான் சொல்ல மாட்டன். 57ஆம் ஆண்டுக் கார் உண்மையிலேயே வடிவானது. ஆனால் இன்று காவியமாகப் பேசப்படும் அந்த 57ஆம் ஆண்டு மாதிரியை, அது வந்த காலத்தில் ஃபோர்ட் எண்ணிக்கையில் முந்திவிட்டது. காவியம் பிறகு கட்டப்பட்டது.

அந்தத் துடுப்புகள் எதற்கு? கார் பறக்கப் போவதில்லை. ஜெனரல் மோட்டர்ஸின் வடிவமைப்புத் தலைவர் ஹார்லி ஏர்ள் போர்விமானங்களைப் பார்த்துக் கொண்டுவந்த கற்பனை அது. அதற்குப் பின்னால் ஒரு வியாபாரக் கணக்கும் இருந்தது. வருடாவருடம் காரின் தோற்றத்தை மாற்று. போன வருடம் வாங்கியவனுக்குத் தன் கார் பழசு எண்ட எண்ணம் வர வேண்டும். இன்று போன் கம்பனிகள் எங்களுக்குச் செய்வது இதைத்தான். அதைத் திட்டுகிற நாங்கள், அந்த வித்தையைப் பழக்கப்படுத்தியவர்களின் காரை மட்டும் கும்பிடுகிறோம்.

சரி, இரும்புக் கதைக்கு வருவம். 2009இல் அமெரிக்கக் காப்புறுதிக் கம்பனிகளின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனம் தன் 50ஆவது ஆண்டை ஒட்டி ஒரு சோதனை செய்தது. 1959 பெல் எயாரையும் 2009 செவர்லே மலிபுவையும் மணிக்கு 40 மைல் வேகத்தில் முகத்துக்கு முகம், ஓட்டுநர் பக்கமாக மோதவிட்டார்கள். காணொளி இணையத்தில் கிடக்கு, பாருங்கோ. மலிபுவின் முன்பக்கம் நசுங்குகிறது, ஆட்கள் இருக்கும் கூடு நிற்கிறது. பெல் எயாரின் கூடோ உள்ளே மடிந்து, ஸ்டியரிங் பொம்மை ஓட்டுநரை நோக்கி வருகிறது. மலிபு ஓட்டுநருக்குக் காலில் காயம் வந்திருக்கலாம். பெல் எயார் ஓட்டுநர் அந்த இடத்திலேயே செத்திருப்பார். "அது கறள் பிடித்த கார், இயந்திரம் இல்லை" எண்டு ரசிகர்கள் குதித்தார்கள். ஆறு சிலிண்டர் இயந்திரம் உள்ளேதான் இருந்தது.

காரணம் எளிது. மோதலின் விசையை எதுவோ ஒன்று வாங்கியாக வேண்டும். முன்பக்கம் மடிந்து வாங்கினால் மனிதன் தப்புவான். வாங்காவிட்டால் மனித உடம்புதான் வாங்கும். அந்தக் கார்களில் ஸ்டியரிங் தண்டு ஈட்டி மாதிரி நெஞ்சுக்கு நேரே நின்றது. ஆசனப்பட்டி வேண்டுமானால் மேலதிகக் காசு கட்டி வாங்க வேண்டும். அந்த 1959ஆம் ஆண்டே சுவீடனில் நில்ஸ் போலின் வடிவமைத்த மூன்று முனை ஆசனப்பட்டியை வொல்வோ தன் கார்களில் பூட்டத் தொடங்கியது. டெட்ரோயிட்டில் அந்த வருடம் துடுப்பைப் பெரிதாக்கினார்கள்.

"அப்ப தொழில்நுட்பம் அவ்வளவுதானே" எண்டு கேட்பீங்கள். இல்லை. 1965இல் ரால்ஃப் நேடர் எண்ட இளம் வழக்கறிஞர், ஆபத்து தெரிந்திருந்தும் கம்பனிகள் மாற்றவில்லை எண்டு ஒரு புத்தகமே எழுதினார். ஜெனரல் மோட்டர்ஸ் அவருக்குப் பின்னால் துப்பறிவாளர்களை அனுப்பியது. அது அம்பலமானதும் 1966இல் கம்பனித் தலைவர் செனற் குழு முன் மன்னிப்புக் கேட்டார். நேடர் சொன்ன எல்லாம் சரியில்லை எண்டும் சொல்ல வேண்டும். அவர் முதல் அத்தியாயத்தில் தாக்கிய செவர்லே கொர்வேர், அக்காலத்தின் மற்றக் கார்களை விட மோசமில்லை எண்டு 1972இல் அரசாங்க ஆய்வு ஒன்று சொன்னது. யோசித்துப் பார்த்தால் அது கம்பனிகளுக்கு நற்சான்றிதழ் இல்லை. எல்லாக் கார்களும் ஒரே லட்சணம் எண்டுதானே அர்த்தம்?

அதே 1966இல் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்த வருடம் அமெரிக்க வீதிகளில் 50 ஆயிரத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள். ஓடப்பட்ட ஒவ்வொரு 10 கோடி மைலுக்கும் சுமார் 5.5 பேர். பெல் எயாரை மோதவிட்ட 2009இல் அது ஒன்றுக்குச் சற்று மேல். நல்ல வீதியும் வைத்தியமும் குடிபோதைச் சட்டங்களும் இதில் சேரும். ஆனால் கம்பனிகள் தாங்களாகத் தந்தது இதில் குறைவு. கேள்வி கேட்டவர்கள் பிடுங்கி எடுத்ததுதான் அதிகம்.

இன்னொன்று. அந்த "பொற்காலத்தில்" கறுப்பின மக்கள் சொந்தக் காரில் போனாலும் எந்த ஊரில் சாப்பிடலாம், எங்கே படுக்கலாம் எண்டு அறிய ஒரு வழிகாட்டிப் புத்தகம் தேவைப்பட்டது. ஹார்லெமில் வாழ்ந்த தபால்காரர் விக்டர் கிரீன் 1936இல் தொடங்கிய 'கிரீன் புக்' அது. அழகான காரும் திறந்த வீதியும் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை.

பழசை ரசிக்க வேண்டாம் எண்டு நான் சொல்லவில்லை. படத்தைப் பகிருங்கோ, மொடல் காரை மேசையில் வையுங்கோ. ஆனால் "அப்ப எல்லாம் உறுதி" எண்டு சொல்லாதீங்கோ. உறுதியாக இருந்தது கார்தான், அதுவும் மெதுவாக முட்டும் வரைக்கும். எங்கட ஊரிலும் ஒரு விபத்து நடந்தால் முதலில் "ஓட்டினவன்ர பிழை" எண்டு கதையை முடித்துவிடுகிறோம். வாகனம் எப்படிக் கட்டப்பட்டது, வீதியை யார் போட்டார்கள், பின் சீற்றில் ஏன் பெல்ற் இல்லை எண்டு யாரும் கேட்பதில்லை. டெட்ரோயிட்டும் ஒரு காலத்தில் ஓட்டுநரைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. அங்கே கொஞ்சப் பேர் கையைத் தட்டிவிட்டு, காரைத் திறந்து காட்டச் சொன்னார்கள். அதனால்தான் இன்று அந்த மாமாவும் தகரக் காரில் பத்திரமாக வீடு வந்து, இரும்புக் காரின் பெருமையைப் பேசுகிறார்.