போலி என்னும் பெயர்

வலிப்பெல்லாம் காக்கை வலிப்பன்று. நினைவு தடுமாறி வீழ்ந்து கைகால் உதறும் நோயாளர் சிலருடைய மூளையில், அந்நேரத்தும், காக்கை வலிப்பிற்குரிய மின்கிளர்ச்சி காணப்படுவதில்லை. ஹான்ஸ் பெர்கர் என்னும் ஜெர்மானிய வைத்தியர் 1924-இல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதற் பதிவு செய்து, 1929-இல் வெளியிட்டார். அம்முறையோடு சலனப்படக் கருவியையும் சேர்த்து, வலிப்பு வருங்காறும் காத்திருந்தே இன்று இவ்விரண்டனையும் பிரித்தறிகின்றனர். அதற்குள் பயனில்லா மருந்தைப் பல்லாண்டு உண்டு மெலிந்தோர் பலர்.

இந்நோய்க்கு ஆங்கில வைத்தியர் நெடுங்காலம் வழங்கிய பெயரைத் தமிழாக்கின் 'போலி வலிப்பு' என்றாகும். இப்பெயர் ஒழிதல் வேண்டும் என்பதே எம் கருத்து. 'ஒன்றுமில்லை, பாசாங்கு' எனக் கேட்ட நோயாளி அவ்வைத்தியசாலையின் வாயிலை மீண்டும் மிதிப்பாரோ? வீட்டாரோ, நேற்றுவரை தாங்கிய கையை இன்று விலக்கிக்கொள்வர். நம் இலக்கண நூலார் கூறும் போலி வேறு. அறம் என்பது அறன் என நின்றவிடத்து அதனைப் பொய்ச்சொல் என்பார் யாருமிலர். ஈற்றெழுத்தே மாறிற்று, பொருள் மாறவில்லை. இவ்வலிப்பிலும் காரணம் வேறு, துன்பம் வேறன்று. நோயாளர் அதனை வேண்டுமென்று வருவித்துக்கொள்வதுமில்லை.

ஆதலின் நோயின் இயல்பைப் பரிவோடு விளக்கிக் கூறுதலே முதற் சிகிச்சை. அவ்விளக்கத்தாலேயே வலிப்புக் குறைந்தோரும் உளர். மாற்கு சுவிசேஷத்தில், வலிப்புற்ற பிள்ளையைக் குணமாக்குமுன், இஃது உண்டாகி எவ்வளவு காலமாயிற்றென்று ஆண்டவர் தந்தையை வினவி, அவன் கூறியதைக் கேட்டார். கேட்பதற்கு நேரமில்லாத வைத்தியம் இந்நோய்க்கு உதவாது.

அடுத்தது மனப்பயிற்சிச் சிகிச்சை. இங்கிலாந்து முதலிய நாடுகளில் 368 நோயாளரைக்கொண்டு நிகழ்த்தி 2020-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஓராண்டின் முடிவில் வலிப்பின் எண்ணிக்கை அதனாற் பெரிதும் குறைந்ததாகத் தெளியவில்லை. ஆயினும் மனத்துயர் தணிந்தது, அன்றாட வாழ்வு எளிதாயிற்று. இதனைத் தோல்வி என்பாரோடு யாம் உடன்படோம். வலிப்பை எண்ணுவது எளிது. வாழ்வை எண்ணுவது அரிது.

விடுதியிலோ வகுப்பிலோ ஒருவர்க்கு வலிப்பு வரின், கையில் சாவிக்கொத்தைத் திணித்தலும், முகத்தில் நீரை இறைத்தலும், உடலை அழுத்திப் பிடித்தலும் வேண்டா. கடினமான பொருள்களை அகற்றித் தலையின்கீழ் மெத்தென்ற துணியை வைத்து, கூட்டத்தை விலக்குக. எவ்வகை வலிப்பென்று அறிதல் பார்ப்போர்க்கு இயலாது. ஐந்து நிமிஷத்திற்கு மேற்படினும், முதன்முறையாயினும், காயம் பட்டிருப்பினும் வைத்தியரை அழைத்தல் வேண்டும். அருகிருந்து மெல்லப் பேசுக. கண் மூடிக்கிடப்பினும் சிலர்க்குச் செவி கேட்கும். 'நடிக்கின்றாள்' என்பதும் அச்செவியில் விழும்.